லோடு ஏற்றினால் பின்பக்கம் தாழும் பிக்கப் வண்டி: பிளேட் சேர்க்கலாமா, காற்றுப்பை போடலாமா?

சிங்கப்பெருமாள் கோவில், திருக்கச்சூர், ஆப்பூர், பாலூர் பகுதிகளில் காய்கறி, கீரை, தர்பூசணி பயிரிடும் விவசாயிகள் பலர் இன்று சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி லோடு ஏற்றி, ஜி.எஸ்.டி. சாலையில் போய், பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி, மதுரவாயல் வழியாகக் கோயம்பேடு சேர்ந்தால் சுமார் 50 கிலோமீட்டர். குட்டி யானை ஆனாலும், தோஸ்த் ஆனாலும், பொலீரோ பிக்கப் ஆனாலும் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லோடு ஏற்றினால் பின்னாடி உட்கார்ந்துவிடுகிறது, என்ன போட்டால் சரியாகும்?"

பயிர் மருத்துவம் பேசுகிற பக்கத்தில் வண்டியைப் பற்றி எழுதுவதா என்று நினைக்க வேண்டாம். நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த தக்காளி, கடைசி 50 கிலோமீட்டரில் நசுங்கினால் அதுவும் மகசூல் இழப்புதான். தவறாகப் பொருத்திய ஸ்பிரிங் காயோடு நிற்பதில்லை, பிரேக்கையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். எனவே பட்டறைக்குப் போகும் முன் கீழ்க்கண்ட விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்பக்கம் தாழ்வது எப்போது குறை?

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் சற்றுத் தூக்கியே இருக்கும். அது தயாரிப்புக் குறை அல்ல. சுமை ஏறும்போது தாழ்ந்து சமமாக வர வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். ஆகவே லோடு ஏற்றியதும் பின்பக்கம் இறங்குவது இயல்பு. கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் மட்டுமே குறை என்று கொள்ளவும்.

• முழு லோடில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாகத் தாழ்ந்து, வண்டி மூக்கைத் தூக்கி நிற்பது.
• வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஆக்சில், சேஸிஸில் உள்ள ரப்பர் தடுப்பில் 'டங்' என்று மோதுவது.
• ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நிற்பது.
• ஸ்டியரிங் லேசாகி, முன்சக்கரம் தரையைப் பிடிக்காததுபோல் தோன்றுவது.
• எதிரே வருபவர்கள் தொடர்ந்து 'டிப்' அடித்துக் காட்டுவது.

கடைசி அறிகுறியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 250 செ.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் மட்டும் 7.5 செ.மீ. தாழ்ந்தால், நூற்றுக்கு மூன்று என்ற அளவில் வண்டி நிமிர்கிறது. அப்போது 25 மீட்டர் தூரத்தில் முகப்பு வெளிச்சம் 75 செ.மீ. உயர்ந்து, எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். பல வண்டிகளில் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய திருகி இருக்கும். லோடுக்குத் தகுந்தபடி விளக்கைத் தாழ்த்துவதற்காகவே அது உள்ளது. வண்டி வாங்கி ஐந்து ஆண்டாகியும் அதைத் தொடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எடை மேடைக்குப் போங்கள்

எதையும் வாங்கும் முன் மூன்று கணக்குகள் தெரிய வேண்டும்.

*1. எவ்வளவு ஏற்றலாம்?* பதிவுச் சான்றில் காலி எடை, சுமையுடன் மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,650 கிலோ என்றால் மிச்சம் 1,250 கிலோ. இதில் ஓட்டுநர், உதவியாளர் இருவருக்கும் 140 கிலோ, தார்ப்பாய், கயிறு, காலி கிரேட்டுகளுக்கு 80 கிலோ கழித்தால், ஏற்றக்கூடிய காய் 1,030 கிலோ மட்டுமே. "ஒன்றேகால் டன் வண்டி" என்று சொல்லி முழு 1,250 கிலோ காயை ஏற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

*2. எந்த ஆக்சிலில் எவ்வளவு?* முழு லோடுடன் எடை மேடைக்குப் போய், முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை எடுங்கள். பிறகு முழு வண்டி. பிறகு பின்சக்கரங்கள் மட்டும். மூன்று சீட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆக்சிலும் தாங்கும் அளவு வண்டியின் எண் பலகையிலோ கையேட்டிலோ கொடுக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டிலும் சுமைக் குறியீட்டு எண் இருக்கும். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. பின்பக்கம் 95 எண் டயர் இரண்டு இருந்தால் 1,380 கிலோவுக்கு மேல் அந்த ஆக்சிலில் ஏறக் கூடாது. ஸ்பிரிங்கை எவ்வளவு பலப்படுத்தினாலும் டயரின் அளவு கூடாது.

*3. எவ்வளவு தாழ்கிறது?* ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு அல்லது பாடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலியாக ஒருமுறை, முழு லோடில் ஒருமுறை. இடது, வலது தனித்தனியாக. டயர் காற்று சரியாக இருக்கும்போது, சமதரையில் அளக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் "ரொம்ப உட்காருது" என்று சொல்வதைவிட "பின்பக்கம் 11 செ.மீ. இறங்குகிறது, முன்பக்கம் 2 செ.மீ. ஏறுகிறது" என்று சொன்னால் அவருக்கும் வேலை எளிது, உங்களுக்கும் பணம் மிச்சம்.

செலவில்லாத முதல் வைத்தியம்: லோடை நகர்த்துங்கள்

சக்கர இடைவெளி 250 செ.மீ. உள்ள வண்டியில் 1,000 கிலோ ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். லோடின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு 25 செ.மீ. முன்னால் இருந்தால், பின் ஆக்சிலில் 900 கிலோவும் முன் ஆக்சிலில் 100 கிலோவும் இறங்கும். அதே லோடு பின் ஆக்சிலுக்கு 25 செ.மீ. பின்னால் போனால், பின் ஆக்சிலில் 1,100 கிலோ ஏறும். முன் ஆக்சிலில் இருந்த எடையில் 100 கிலோ குறைந்துவிடும். தராசுத் தட்டுக் கணக்குதான். அரை மீட்டர் தள்ளி வைத்ததில் பின் ஆக்சிலுக்கு 200 கிலோ வித்தியாசம். முன்சக்கரம் லேசாவதும், ஸ்டியரிங் பிடிக்காததும், வெளிச்சம் உயர்வதும் இதனால்தான்.

நடைமுறையில் எப்படித் தவறு நடக்கிறது என்றால், சந்தையில் முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியாக ஏற்றுகிறோம். அது பெரும்பாலும் கனமான பூசணி, தர்பூசணி அல்லது வெங்காய மூட்டையாக இருக்கும். அது பின்கதவு ஓரம் வந்துவிடுகிறது. கனமானதை கேபின் பக்கமும், கீரை, வெண்டை, மிளகாய் போன்ற லேசானதைப் பின்பக்கமும் வையுங்கள். பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் மூட்டை அடுக்குவதை அறவே தவிர்க்க வேண்டும்.

அடுத்து, இருக்கும் ஸ்பிரிங் நலமா என்று பாருங்கள்

பல வண்டிகளில் புதிதாக எதுவும் தேவைப்படாது, பழையது தேய்ந்திருக்கும். சோதிக்க வேண்டியவை:

• பிளேட்டுகளில் விரிசல், குறிப்பாக நடுப்பகுதியிலும் கண் பகுதியிலும்.
• சென்டர் போல்ட் உடைந்து பிளேட் நகர்ந்திருக்கிறதா?
• யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா?
• ஷேக்கிள், புஷ் தேய்ந்து ஆடுகிறதா?
• ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா?

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. ஆகவே அதை மாற்றினால் வண்டி உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அது செத்துப்போயிருந்தால் வண்டி தொடர்ந்து குதித்து, கீழ் அடுக்குக் காய்கள் அடிபடும்.

தளர்ந்த பிளேட்டை நெருப்பில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. எஃகின் பதம் சூட்டினால் போய்விடும். சில மாதத்தில் மீண்டும் தளரும், அல்லது லோடில் ஒடியும். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, கம்பெனி அளவிலேயே புது செட் வாங்கிப் போடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் சேர்த்து மாற்றவும்.

இதற்குப் பிறகும் தாழ்ந்தால்: மூன்று வழிகள்

அ) கூடுதல் பிளேட்

எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும், உறுதியானது, பராமரிப்பு குறைவு. ஆனால் அது 24 மணி நேரமும் விறைப்பாக இருக்கும். காலி வண்டிக்கும் அதே விறைப்புதான். ஐந்து பிளேட் உள்ள செட்டில் அதே தடிமனில் ஒன்று சேர்த்தால் விறைப்பு தோராயமாக 20 சதவீதம் கூடும். தடிமனைக் கூட்டினால் கணக்கே வேறு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மி.மீ. பிளேட்டைவிட 10 மி.மீ. பிளேட் ஏறக்குறைய இரு மடங்கு விறைப்பு. ஐந்து 8 மி.மீ. பிளேட்டுகளோடு ஒரு 10 மி.மீ. பிளேட்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடிவிடும். "இருக்கட்டும், ரெண்டு மில்லி தடிமனாகவே போடுங்கள்" என்று சொல்லும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

*யாருக்கு ஏற்றது?* எப்போதும் ஒரே எடையைச் சுமக்கும் வண்டிக்கு. நிரந்தரமாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, பால் குளிர்கலன், நடமாடும் காய்கறிக் கடை போன்றவை.

ஆ) ரப்பர் துணை ஸ்பிரிங்

சேஸிஸில் உள்ள ரப்பர் தடுப்பை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உள்ளே குழிவான, பெரிய ரப்பர் ஸ்பிரிங்கைப் பொருத்துவது. காலியாக இருக்கும்போது அது ஆக்சிலைத் தொடாது, அல்லது லேசாகத் தொடும். லோடு ஏற ஏற அழுந்தி, படிப்படியாகத் தாங்கும். காற்று அடிக்கும் வேலை இல்லை, கசிவு இல்லை. உயரத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்பதே குறை.

*யாருக்கு ஏற்றது?* போகும்போது முழு லோடு, வரும்போது காலி என்று ஓடும் சந்தை வண்டிக்கு. நம் பகுதி விவசாயிகளில் பெரும்பாலானோர் இந்த வகைதான்.

இ) காற்றுப்பை

பிளேட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே ரப்பர் பை வைத்து, லோடுக்கு ஏற்பக் காற்று அடிப்பது. எளிய கணக்கு: பையின் பயன்படு பரப்பு 80 சதுர செ.மீ., காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 3 கிலோ என்றால் ஒரு பை 240 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 480 கிலோ. இது பிளேட்டின் பாரத்தைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே. வண்டியின் கொள்ளளவு 480 கிலோ கூடிவிட்டது என்று பொருள் அல்ல.

கவனிக்க வேண்டியவை: இரு பைகளையும் ஒரே குழாயில் இணைக்காமல் தனித்தனி வால்வு வையுங்கள். ஒரே குழாய் என்றால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி மேலும் சாயும். சைலன்சர் குழாய்க்கு அருகே பை வரக் கூடாது. பிரேக் ஹோஸில் உரசக் கூடாது. காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும். வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது வேண்டாம்.

*யாருக்கு ஏற்றது?* ஒருநாள் 300 கிலோ கீரை, மறுநாள் ஒரு டன் தர்பூசணி என்று எடை மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும், முட்டை, தக்காளி, பூ என அடிபடும் பொருள் ஏற்றுபவர்களுக்கும்.

முன்பக்கத்தை உயர்த்தும் 'லெவலிங் கிட்' வேண்டாமா?

இணையக் காணொளிகளைப் பார்த்து இளைஞர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள், காலி வண்டி சமமாகத் தெரிய வேண்டும் என்றும், முன்பக்கம் பெரிய டயர் போட வேண்டும் என்றும் முன் ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்து உயர்த்துகிறார்கள். நமக்கு இது எதிர்மறையாகவே வேலை செய்யும். காலியாக இருக்கும்போது சமமாக்கிவிட்டால், லோடு ஏறியதும் மூக்கு இன்னும் மேலே போகும். விவசாயச் சுமை வண்டிக்கு இது தேவையில்லை.

மறக்கக் கூடாத ஒன்று: பிரேக் வால்வு

திருக்கச்சூர் பக்கத்து விவசாயி ஒருவர், நான்கு ஏக்கரில் கத்தரி, வெண்டை, தக்காளி போடுபவர். பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். பின்பக்கம் தாழ்கிறது என்று பக்கத்துக்கு இரண்டு தடித்த பிளேட் சேர்த்தார். தாழ்வது நின்றது. ஆனால் பாதி லோடு ஏற்றும் நாட்களில் கீழ் அடுக்குத் தக்காளி நசுங்கி, சந்தையில் விலை குறைத்தார்கள். பிறகு ஒரு மழை விடியலில், கூடுவாஞ்சேரி அருகே முழு லோடுடன் பிரேக் மிதித்தபோது வண்டி நினைத்த இடத்தில் நிற்காமல் முன்னால் நின்ற வேனை முட்டியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அவர் என்னைக் கூப்பிட்டபோது சொன்னது: "பிரேக் கட்டை புதுசுங்க, ஆயில் புதுசுங்க, அப்புறமும் ஏன் நிக்கல?"

காரணம் இதுதான். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு மேலே, ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட சிறிய வால்வு இருக்கும். சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்து லோடு எவ்வளவு என்று அது கணிக்கிறது. இடைவெளி குறைந்தால் "லோடு இருக்கிறது" என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். இடைவெளி அதிகமாக இருந்தால் "காலி வண்டி" என்று அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் லேசான பின்சக்கரம் இறுகி வழுக்கிவிடும். தடித்த பிளேட் சேர்த்ததும் ஒரு டன் ஏற்றினாலும் இடைவெளி குறையவில்லை. வால்வு, காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டது. முன் பிரேக் மட்டுமே ஒரு டன்னையும் நிறுத்தப் போராடியது.

இதன் மறுபக்கமும் உண்டு. தளர்ந்த ஸ்பிரிங் உள்ள வண்டி காலியாகவே தாழ்ந்து நின்றால், வால்வு லோடு இருப்பதாக எண்ணும். மழையில் காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் இறுகி வண்டி சுழலும்.

ஆகவே பிளேட், ரப்பர், காற்றுப்பை எதைப் பொருத்தினாலும், இந்த வால்வின் கம்பியைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். அதைக் கம்பெனி சர்வீஸ் மையத்தில் செய்வதே பாதுகாப்பு. ஏ.பி.எஸ்., இ.பி.டி. உள்ள புதிய வண்டிகளில் இந்த வால்வு இல்லாமலும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த விவசாயி கூடுதல் பிளேட்டுகளை எடுத்துவிட்டு, கம்பெனி அளவில் புது செட் போட்டு, வால்வைச் சரிசெய்தார். எடை மேடைச் சீட்டைப் பார்த்தபோது, அவர் பின்கதவு ஓரம் கனத்தை அடுக்கியதே பாதிப் பிரச்சினை என்று தெரிந்தது. அடுக்கும் முறையை மாற்றிய பிறகு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன் அதன் பிரேக், விளக்கு உள்ளிட்டவை அங்கீகாரம் பெற்ற மையங்களில் சோதிக்கப்படுகின்றன. நம் பக்கத்து ஒரகடத்திலேயே அத்தகைய வாகன ஆராய்ச்சி மையம் உள்ளது. அதன் பிறகு நாம் மாற்றினால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லாமல் போகும். எனவேதான் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைப் பாரத்தை இறக்கும் செலவும் உங்களுடையதே.

ஆகவே முதலில் கம்பெனி டீலரிடம், உங்கள் மாடலுக்கு அவர்களே தரும் கனரக ஸ்பிரிங் அல்லது துணைப் பாகம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் பில்லோடு வாங்குங்கள். வெளியில் வாங்குவதாக இருந்தால், பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும், விபத்து இழப்பீடு கோரும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டியவை

1. முன்பு அளந்த அதே இடங்களில் மீண்டும் அளக்கவும். முழு லோடில் வண்டி சமமாக அல்லது பின்பக்கம் சற்று உயர்ந்து நின்றால் போதும். பழையபடி காலி வண்டி உயரத்துக்கே தூக்க வேண்டாம்.
2. பிரேக் வால்வு, முகப்பு விளக்கு இரண்டையும் சரிசெய்யவும்.
3. ஆளில்லாத சாலையில், குறைந்த வேகத்தில், காலியாகவும் லோடுடனும் பிரேக் பிடித்துப் பார்க்கவும்.
4. இரண்டு மூன்று லோடு ஓடியதும் யு-போல்ட்டை மறுபடி முறுக்கவும். புது பிளேட் அமர்ந்ததும் அது தளர்வது வழக்கம்.
5. முதல் வாரம் கீழ் அடுக்கு கிரேட்டைத் தனியே பிரித்து, அடிபட்ட காயை எடைபோடவும். ஸ்பிரிங் விறைப்பு கூடிவிட்டதா என்பதைக் காய் சொல்லிவிடும்.

சுருக்கமாக: முதலில் எடை, பிறகு அடுக்கும் முறை, பிறகு பழுது, கடைசியாகவே புதுப் பாகம். இந்த வரிசையில் போனால் பத்தில் பல வண்டிகளுக்கு நான்காவது படி தேவைப்படாது. தேவைப்பட்டாலும், நீங்கள் வாங்குவது லோடைச் சமமாகத் தாங்கும் வசதியைத்தான். கூடுதல் லோடு ஏற்றும் உரிமையை அல்ல. அதிகம் ஏற்ற வேண்டிய நாளில் இன்னொரு நடை போங்கள், அல்லது பக்கத்து விவசாயியோடு சேர்ந்து பெரிய வண்டி பிடியுங்கள். அந்த வாடகை, ஒரு விபத்தின் செலவைவிட என்றும் குறைவு.